தவளை காட்டிய பாயிண்ட்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு தவளையின் மூத்திரத்தை நம்பிப் போர் போட்டவன் நான். அதுவும் நூறு இருநூறு அடி இல்லை, அறுநூறு அடி. இதை நானே சொல்லிவிடுவது நல்லது. கோம்பையில் வேறு யாரையாவது கேட்டால் இன்னும் நாலு சேர்த்துச் சொல்வார்கள்.

இது நடந்தது முந்தின வருடம் பங்குனி மாதத்தில், கோம்பைக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருக்கும் என் மனைவியின் தோட்டத்தில். என் தோட்டம் என்று சொல்லாததற்குக் காரணம் உண்டு. நிலம் அவளுடைய அப்பா கொடுத்தது. அதில் நிற்கிற அறுபது தென்னையும் எங்களுக்குக் கல்யாணமான மறு வருடம் அவள் நின்று குழியெடுத்து வைத்தவை. நான் அன்றைக்கு ஒரே ஒரு கன்றைப் பிடித்தேன், போட்டோவுக்காக. போட்டோவில் என்னைப் பார்த்தால் பரம்பரை விவசாயி மாதிரி இருப்பேன்.

எனக்குத் தொழில் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுவது. உத்தமபாளையத்தில் ஒரு சின்னக் கடை. மழை பொய்க்கிற வருடங்களில் எங்கள் பாடு கொண்டாட்டம். கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டது தெரியாமல் மோட்டாரை ஓட விடுவார்கள், காயில் கருகும், தூக்கிக்கொண்டு என்னிடம் வருவார்கள். அந்த ஐப்பசியில் மழை சுத்தமாக ஏமாற்றியது. மாசி முடிவதற்குள் கடை வாசலில் கருகின மோட்டார்கள் ரேஷன் வரிசை மாதிரி நின்றன. ஊருக்கெல்லாம் மோட்டாரை ஓட வைத்துக்கொண்டிருந்தவனின் மனைவியுடைய கிணற்றில் பாறை தெரிந்தது.

கம்பம் பள்ளத்தாக்கு என்றதும் வெளியூர்க்காரர்கள் ஆற்றுத் தண்ணீர், நெல், வாழை, திராட்சை என்று சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். அதெல்லாம் ஆற்றை ஒட்டினவர்களுக்கு. நாங்கள் மேட்டில் இருக்கிறோம். மலைக்கு அந்தப் பக்கம் மழை கொட்டுவது இங்கிருந்தே கண்ணுக்குத் தெரியும். இந்தப் பக்கம் எங்களுக்கு வருவது காற்று மட்டும்தான், அதுவும் கண்ணில் மண்ணை அள்ளிப் போட.

தென்னை மட்டைகள் ஒவ்வொன்றாகத் தொங்க ஆரம்பித்தன. அறுபது மரமும் பட்டுப்போனால் தோட்டத்தை பிளாட் போடுகிறவரிடம் கொடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. அந்தப் புண்ணியவான் ஏற்கெனவே இரண்டு முறை வந்து, "மரமெல்லாம் எப்படி இருக்கு?" என்று விசாரித்துவிட்டுப் போயிருந்தார், ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரை விசாரிக்கிற மாதிரி. என் மனைவி இதைப் பற்றி வாயைத் திறந்து பேசவே மாட்டாள். காலையில் ஒரு முறை, சாயங்காலம் ஒரு முறை ஒவ்வொரு மரத்தின் குருத்தையும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடப்பாள். ராத்திரி கழுத்து வலிக்கிறது என்பாள். தைலம் தேய்த்துவிடுவது என் பங்கு. அது ஒன்றுதான் நான் அந்தத் தோட்டத்துக்குச் செய்துகொண்டிருந்த விவசாயம்.

தோட்ட வேலைக்கு வருகிறவர் மாதா கோவில் தெருக்காரர். களை வெட்டுவதில் அவருக்கு ஈடு கிடையாது. என் வயதுதான் இருக்கும். இருந்தாலும் நான் 'அக்கா' என்றுதான் கூப்பிடுவேன். மரியாதை பாதி, பயம் பாதி. அவரும் என் மனைவியும் சேர்ந்து ஒரு வேலையைத் தொடங்கியிருந்தார்கள். மரத்தைச் சுற்றி வட்டமாகப் பள்ளம் எடுத்து, தேங்காய் உரிமட்டைகளை அடுக்கி மூடிவிடுவது. அதில் ஊற்றுகிற தண்ணீரை மட்டை உறிஞ்சி வைத்துக்கொண்டு மெதுவாக வேருக்குக் கொடுக்குமாம். இருபது மரம் முடித்திருந்தார்கள். டேங்கர் தண்ணீர் வாங்கி ஊற்றுவதற்கும் என் மனைவி கொஞ்சம் பணம் எடுத்து வைத்திருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடை லீவு. ஒரு பொட்டலம் வடை வாங்கிக்கொண்டு மேற்பார்வைக்குப் போனேன். அக்கா முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம் வெட்டியிருந்தார். மம்பட்டி பட்டு ஒரு மண்கட்டி உடைந்தது. உள்ளே கருணைக்கிழங்கு மாதிரி உருண்டையாக ஏதோ இருந்தது. கிழங்கு அசைந்தது. தவளை.

வடையைக் கீழே வைத்துவிட்டுப் பள்ளத்தில் குதித்து அதை அள்ளிப் பிடித்தேன். பிடித்த மாத்திரத்தில் உள்ளங்கை நனைந்து மணிக்கட்டு வரைக்கும் தண்ணீர் வழிந்தது. ஆறு மாதமாக ஒரு சொட்டு விழாத மண்ணில், முழங்கால் ஆழத்தில், என் கையில் ஈரம். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

"இங்கன பாருங்கக்கா, தண்ணி" என்றேன்.

அக்கா மம்பட்டியை ஊன்றிக்கொண்டு என் கையைப் பார்த்தார். "மோண்டிருக்கு தம்பி."

"ஆறு மாசமா மழை இல்ல. மோள்றதுக்கு இதுக்குத் தண்ணி ஏது? கீழ ஊத்து இருக்கு. அதுல குடிச்சிட்டு இங்கன வந்து படுத்திருக்கு."

"ஊத்து இருந்தா மண்ணு ஏன் புழுதியாக் கெடக்கு?"

"அது மேல. ஊத்து கீழ."

"சரி, கையக் கழுவிட்டு வடையத் தொடுங்க."

கழுவினேன். ஆனால் மனசு கேட்கவில்லை. பக்கத்துத் தோட்டக்காரர் உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நீரோட்டம் பார்க்கிறவரைக் கூட்டிவந்து, தேங்காய் எழுந்து நின்ற இடத்தில் போர் போட்டு, ஏமாந்து போயிருந்தார். அவரைப் பார்க்கும்போதெல்லாம் கேலி செய்தவன் நான். தேங்காய்க்கு என்ன தெரியும்? தவளை அப்படியா? தண்ணீரிலேயே பிறந்து வளர்ந்த உயிர். தவளை இருக்கிற இடத்தில் தண்ணீர் இருக்கும் என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். இது மூடநம்பிக்கை இல்லை, விஞ்ஞானம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"உரிமட்டை வேலை பாதியில நிக்குதுங்க. மொதல்ல அத முடிப்போம்" என்றாள் மனைவி.

"நீ மட்டையப் போடு. நான் தண்ணியக் கொண்டாரேன்" என்றேன். டேங்கருக்கு என்று அவள் எடுத்து வைத்திருந்தது அப்படியே போர் வண்டிக்குப் போனது. அவள் தடுக்கவில்லை. கழுத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டே மரத்தை அண்ணாந்து பார்த்தாள். அதைச் சம்மதம் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

வண்டி வருகிற வரைக்கும் சாட்சியைப் பத்திரப்படுத்த வேண்டுமே. தவளையை ஒரு பிளாஸ்டிக் வாளியில் போட்டு மோட்டார் ரூமில் வைத்தேன். காய்ந்த மண்ணில் கிடந்ததல்லவா, தண்ணீர் ஊற்றினால் சளி பிடித்துக்கொள்ளும் என்று காய்ந்த மண்ணையே அள்ளிப் போட்டேன். அதோடு விட்டிருக்கலாம். நல்ல காரியத்துக்கு முன்னால் இருக்கட்டும் என்று அதன் நெற்றியில் ஒரு குங்குமப் பொட்டும் வைத்தேன்.

"அதக் கொண்டுபோயி தென்னைக்கிட்ட வைக்காதீக. தேரை மோந்தா காய் உள்ள பருப்பில்லாம ஒல்லிக்காயாப் போகும்" என்றாள் மனைவி.

"இது தேரை இல்ல, தவளை."

"ரெண்டுக்கும் மூக்கு ஒண்ணுதான்."

நாலாம் நாள் காலையில் போர் வண்டி வந்தது. கூடவே கம்ப்ரசர் வண்டி. வண்டிக்காரர் கொங்குப் பக்கத்து மனுஷர், மரியாதை தெரிந்தவர். வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "பாயிண்ட் யாருங்க பாத்தது?" போர் இறக்க வேண்டிய இடத்தை அவர்கள் பாயிண்ட் என்பார்கள். மண்ணைக் காலால் கிளறிக்கொண்டு நின்றேன்.

"தவள" என்றாள் மனைவி.

"தவளைங்களா? அவரு எந்த ஊருங்க?"

"இந்த ஊருதான். வாளிக்குள்ள இருக்காக" என்றார் அக்கா.

வண்டிக்காரர் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு போய் மெஷினைக் கிளப்பினார். அக்கா சிலுவை போட்டுக்கொண்டார்.

முதலில் செம்மண் வந்தது. அப்புறம் சுக்கான் கல். அதற்குக் கீழே வெள்ளைத் தூள், அது மட்டும்தான். இருநூறு அடியில் வண்டிக்காரர் கையை விரித்தார். "பாறைங்க." முந்நூறில், "தூளுதானுங்க வருது" என்றார். "போதும், நிறுத்தச் சொல்லுங்க" என்றாள் மனைவி. நான் கேட்கவில்லை. தவளை மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை. நானூற்றுச் சொச்சத்தில் தூள் கொஞ்சம் கறுப்பாக வந்தது. ஓடிப்போய் அள்ளினேன். சூடாக இருந்தது. ஈரம் இல்லை. நிறம் மாறின கல், அவ்வளவுதான். அறுநூறில் வண்டிக்காரரே என்னைக் கேட்காமல் நிறுத்திவிட்டார். குழாய் வாயை மூடி போட்டு இறுக்கிவிட்டு, "மனசு விட்றாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சத்தம் ஓய்ந்த பிறகு தோட்டத்தைப் பார்த்தேன். பக்கத்து மரங்களெல்லாம் விபூதி பூசிக்கொண்ட மாதிரி நின்றன. என் மனைவியின் தலைமுடி, புருவம் எல்லாம் வெள்ளை. ஒரே பகலில் அவளுக்கு வயதாகிவிட்ட மாதிரி இருந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மிச்சமிருந்த உரிமட்டைக் குவியல் மேல் உட்கார்ந்தாள். திட்டியிருந்தால் பதில் வைத்திருந்தேன். அவள் திட்டவில்லை. மேலே பார்க்கவும் இல்லை. அந்த ஒரு நாள்தான் அவள் குருத்தை அண்ணாந்து பார்க்காத நாள்.

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். அந்தத் தவளை கடைசி வரை வாயைத் திறக்கவே இல்லை. கெட்டது முழுக்க என் வாயால்தான்.

அக்கா மோட்டார் ரூமுக்குள் போய் வாளியை எடுத்துவந்தார். தவளை சுருங்கிப்போய், வெயிலில் வைத்த நார்த்தங்காய் மாதிரி கிடந்தது. விரலால் தொட்டுப் பார்த்தார்.

"உசுரு இருக்கு. கொஞ்சம் தண்ணி குடுங்க."

என் மனைவி குடிக்க வைத்திருந்த பாட்டிலை நீட்டினாள். அக்கா துணியை நனைத்து முதலில் அந்தக் குங்குமத்தைத் துடைத்தார். "அது தோலால குடிக்கிற உசுரு. அதுல போயி பொட்டு வச்சிருக்கீக."

"வாயால குடிக்காதா?"

"நான் பாத்ததில்ல." தூக்குவாளி மூடியில் தண்ணீரை ஊற்றி அதில் தவளையை உட்கார வைத்தார். "மழை முடிஞ்சு உள்ள போகையிலயே வயித்துல தண்ணியக் கட்டிக்கிட்டுத்தான் போகும். அடுத்த மழை வரைக்கும் அதுக்கு அதுதான். பயந்துச்சுன்னா விட்டுரும். நீங்க புடிச்ச புடியில ஒரு வருசத்துத் தண்ணியையும் ஒங்க கையில விட்டுருச்சு."

"இதெல்லாம் ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"வருசம் பூரா களை வெட்டுறவளுக்குத் தெரியாதா? இந்தத் தோட்டத்துலயே எத்தனை வந்திருக்கு. வந்த எடத்துல எல்லாம் போர் போட்டிருந்தா நெலம் சல்லடையாப் போயிருக்கும்."

அன்றைக்குத்தான் உறைத்தது. பதினெட்டு வருடமாக அந்த மண்ணின் மேல் வடையும் கையுமாக நடந்தவன் நான். ஒரு நாள்கூடக் குனிந்து வெட்டியதில்லை. குனிந்திருந்தால் காய்ந்த மண்ணுக்குள் தவளை இருப்பது அதிசயம் இல்லை, வழக்கம் என்று தெரிந்திருக்கும்.

மூன்று பேரும் அந்த மூடியைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். தவளை வயிற்றைத் தண்ணீரில் பதித்துக்கொண்டு அசையாமல் இருந்தது. வாயைத் திறக்கவில்லை. ஆனால் மூடியில் தண்ணீர் குறைந்தது, சுருக்கம் நீங்கியது, மெல்ல மெல்லப் பழைய உருண்டைக்கு வந்தது. வெயில் இறங்கின பிறகு அக்கா அதைக் கொண்டுபோய் மட்டை போட்ட ஒரு பள்ளத்தின் ஓரத்தில் விட்டார். குதித்து ஓடும் என்று நினைத்தேன். அது எங்களைப் பார்த்தபடியே பின்பக்கமாக மண்ணுக்குள் இறங்கியது, ராஜா சபையில் முதுகைக் காட்டாமல் பின்னாலேயே நடந்து வெளியேறுகிற மந்திரி மாதிரி. பின்னங்காலின் குதியில் குட்டி மம்பட்டி போல ஒரு கெட்டியான விளிம்பு. இடது, வலது என்று அதால் மண்ணைத் தள்ளித் தள்ளி இறங்கியது. கடைசியாகக் கண் இரண்டும் மறைந்தன. மேலே மண் மூடிக்கொண்டது.

மறுநாள் கடையில் வேலை ஓடவில்லை. போனில் தேடிப் படித்தேன். பாலைவன தேசங்களிலும் இப்படிப்பட்ட தவளைகள் இருக்கின்றனவாம். சிலது தன் தோலையே உரித்து உரித்துத் தன்னைச் சுற்றிப் பொட்டலம் கட்டிக்கொள்ளுமாம், மூக்குக்கு மட்டும் வழி விட்டு. சாப்பாடு கிடையாது. அசைவு கிடையாது. மூச்சையும் நெஞ்சுத் துடிப்பையும்கூடக் குறைத்துக்கொண்டு மாதக்கணக்கில், சில சமயம் வருடத்தையும் தாண்டிக் கிடக்குமாம். படிக்கப் படிக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. நான் மோட்டார்க்காரன். தண்ணீர் வரவில்லையா, இன்னும் ஆழமாக இறக்கு, இன்னும் பெரிய மோட்டார் மாட்டு. எனக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான். கிடைக்காத தண்ணீரைத் தேடி அந்தத் தவளை ஓர் அடிகூட ஓடவில்லை. தன் தேவையைக் குறைத்துக்கொண்டு படுத்துவிட்டது. என் மனைவி உரிமட்டையை வைத்துக்கொண்டு செய்யப் பார்த்ததும் அதைத்தான்.

அன்று சாயங்காலம் அவள் ஒரு முடிவோடு இருந்தாள். "கொலையெல்லாம் வெட்டிறணும்" என்றாள். குலை என்றால் பிஞ்சு, குரும்பை, பாதி முற்றின காய் எல்லாம் சேர்த்து. காயும் இருந்து மட்டையும் இருந்தால் மரத்தால் தாங்க முடியாது. அந்த வருடக் காய்ப்பு மொத்தமும் போகும்.

மரம் ஏறுகிறவர் வந்து மேலே பார்த்துவிட்டுத் தயங்கினார். "பிஞ்ச வெட்டச் சொல்றீகளே ஆத்தா, கை வரமாட்டேங்குது."

"வெட்டுங்கண்ணே. காய் அடுத்த வருசம் வரும். மரம் போனா வராது."

வெட்டினார். குலைகள் தொம் தொம் என்று விழுந்தன. என் மனைவி கிணற்று மேட்டுக்குப் போய், தோட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். கடைசிக் குலை விழுகிற வரை திரும்பவில்லை. அடி மட்டைகளையும் கழித்து, அவற்றையே மரத்தடியில் வெயில் படாமல் பரப்பினோம். 'பரப்பினோம்' என்பதில் இந்த முறை நானும் உண்டு. மீதி நாற்பது மரத்துக்கும் அக்கா ஒரு பக்கம், நான் ஒரு பக்கமாகப் பள்ளம் எடுத்தோம். அவர் மூன்று எடுக்கிற நேரத்தில் நான் ஒன்று எடுத்தேன். "தவளை ஒங்களவிட வெரசா வெட்டும் தம்பி" என்றார். மறுக்க முடியவில்லை. நேரில் பார்த்தவன்.

டேங்கருக்கு வழியில்லாமல் செய்தவன் நான்தானே, தண்ணீர் என் பொறுப்பு. கடையை மூடிவிட்டு, தெரிந்தவர் கிணற்றில் கேன்களை நிரப்பி மொபட்டில் கட்டிக் கொண்டுவருவேன். நடைக்கு நாலு கேன். ஒரு மரத்துக்கு ஒரு கேன். சாயங்காலம் இரண்டு நடை, எட்டு மரம். தோட்டத்தை ஒரு சுற்று முடிக்க எட்டு நாள், உடனே முதல் மரம் மறுபடி கேட்கும். சித்திரை முழுக்க இதே வேலை. இடுப்பு பிடித்துக்கொண்டது. உள்ளங்கை தோல் உரிந்தது. நான் உரித்ததை வைத்து எதையும் பொட்டலம் கட்ட முடியவில்லை. ராத்திரி தைலம் தேய்க்க ஆள் இல்லை. இரண்டு பேருக்குமே வலி, யார் யாருக்குத் தேய்ப்பது?

பிளாட் போடுகிறவர் மூன்றாம் முறையாக வந்தார். மொட்டையாக நின்ற மரங்களைப் பார்த்து அவர் முகம் மலர்ந்தது.

"மரமெல்லாம் போயிருச்சா?"

"தூங்குதுங்க" என்றேன்.

உள்ளுக்குள் எனக்கே நிச்சயம் இல்லை. பட்டுப்போன மரமும் தூங்குகிற மரமும் பார்வைக்கு ஒன்றாகத்தான் இருக்கின்றன.

வைகாசி கடைசியில் ஒரு மத்தியானம் காற்று திரும்பியது. இரண்டு மணி நேரம் கோடை மழை. பெரிய மழை என்று சொல்ல முடியாது. ஆனால் பள்ளங்களில் தண்ணீர் நின்றது, மட்டைகள் குடித்தன. மறுநாள் பொழுது சாயும்போது தோட்டம் முழுக்கத் தவளைச் சத்தம், காது அடைக்கிற அளவுக்கு. இத்தனையும் இத்தனை மாதம் எங்கள் காலடியில்தான் கிடந்திருக்கின்றன. அதில் எங்களுடையது எது என்று தெரியவில்லை. பொட்டைத் துடைக்காமல் விட்டிருந்தால் கண்டுபிடித்திருப்பேன்.

ஒன்பது மரம் போயிற்று. ஐம்பத்தொன்று நிற்கிறது. ஒரு வருடம் கழித்து மறுபடி பாளை விட்டது. முதல் பாளையைப் பார்த்த அன்று என் மனைவி கழுத்தைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். இதைக் கதை என்றால் சுபம் போட்டு முடித்திருப்பார்கள். எங்களுக்கு அப்படி முடிவதில்லை. இந்த வருடமும் மேகம் மலைக்கு அந்தப் பக்கமே நிற்கிறது. கிணறு மறுபடி இறங்குகிறது. கடை வாசலில் கருகின மோட்டார்கள் மறுபடி வரிசை கட்டுகின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் இப்போது மம்பட்டியோடு போகிறேன். அதனால் மழை வந்துவிடாது என்று தெரியும். ஆனாலும் குனிந்து வெட்டுகிற நேரத்தில் வாய் கொஞ்சம் அடங்குகிறது. இல்லாத தண்ணீரை நினைத்து ஓடுவதைவிட இருக்கிற ஈரத்தைக் காப்பது பெரிய வேலை என்பது, உடம்பு அலுத்துப் போகிற ஒவ்வொரு சாயங்காலமும் எனக்குப் புதிதாகத் தெரிகிறது.

போன வாரம் வேலை முடிந்து இரண்டு பேரும் கிணற்று மேட்டில் உட்கார்ந்திருந்தோம். கிணற்றுக்குள் பக்கவாட்டில் ஒரு சைடு போர் போட்டுப் பார்த்தால் என்ன என்று ஒரு யோசனை என் தொண்டை வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டு வேறு கேட்டேன். "இந்த வருசமும் மழை ஏமாத்துனா மரம் தாங்குமா?"

அவள் குருத்திலிருந்து பார்வையை எடுக்காமலே சொன்னாள்:

"நீங்க சும்மா இருந்தா தாங்கும்."